வேலை முடிந்தது, பணம் எங்கே?

மண்ணூர்பேட்டையில் பணம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் சட்டைப் பையில் இல்லை. பில் புத்தகத்தில் இருக்கிறது!

சென்னைக்கு மேற்கே, பாடியைத் தாண்டி அம்பத்தூருக்குப் போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது இந்த ஊர். பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், இரவு ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்களும் ஒரே டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள். "நாட்டு நிலவரம் எப்படி?" என்று அங்கே யாரைக் கேட்டாலும், முதலில் வரும் பதில் விலைவாசிதான். எண்ணெய் விலை, காய்கறி விலை, பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை.

இதை எந்த ஊரிலும் சொல்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் இந்த ஊருக்கே உரிய கஷ்டம் வெளியே வரும்.

"வேலை இருக்கிறது. செய்து கொடுத்தாயிற்று. பணம்தான் வரவில்லை."

பட்டறைக்காரர் சொல்வது இது. அவரிடம் சம்பளம் வாங்குகிற தொழிலாளியும் இதையே சொல்கிறார். தொழிலாளிக்குக் கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரரும் இதையே சொல்கிறார்!

பட்டறை பிறந்த கதை

கிண்டி தொழிற்பேட்டை 1958-ஆம் ஆண்டில் வந்தது. அடுத்து, 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் எந்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை 1949-இல் வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தொடங்கியது. சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1966-இல் வந்தது. டன்லப் டயர் ஆலையும் இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது!

பெரிய ஆலை தனக்கு வேண்டிய எல்லாப் பாகங்களையும் தானே செய்துகொள்வது இல்லை. ஒரு பகுதியை நடுத்தரக் கம்பெனிக்குக் கொடுக்கும். நடுத்தரக் கம்பெனி அதில் ஒரு பகுதியைச் சின்னக் கம்பெனிக்குக் கொடுக்கும். அந்தச் சின்னக் கம்பெனி, "இந்த ஐந்நூறு உருப்படியையும் கடைந்து கொடு" என்று லேத் பட்டறைக்கு அனுப்பும். இரும்பு அவர்களுடையது, எந்திரமும் ஆளும் பட்டறைக்காரருடையது. அவர் வாங்குவது கூலி மட்டுமே. இதற்கு "ஜாப் ஒர்க்" என்று பெயர்.

அம்பத்தூர், பாடி, மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தக் கூலிதான் சோறு போடுகிறது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் எந்திரம், இரண்டு ஆட்கள். இவ்வளவுதான் பல பட்டறைகளின் மூலதனம். முதலாளி என்று போர்டில் இருக்கும். ஆனால் கையில் எண்ணெய்க் கறையோடு எந்திரத்தின் முன்னால் நிற்பவரும் அவரேதான்.

தொண்ணூறு நாள் தவம்

உருப்படி கடைந்து கொடுத்த அன்றே கூலி கிடைக்காது. பில் போடவேண்டும். பில்லை வாங்கிக்கொண்டு, "தொண்ணூறு நாளில் வரும்" என்பார்கள். நூற்றிருபது நாள் ஆவதும் உண்டு.

ஆனால் தொழிலாளியிடம் தொண்ணூறு நாள் தவணை சொல்ல முடியுமா? சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே கொடுக்கவேண்டும். கரண்டு பில்லுக்குத் தவணை கிடையாது. பட்டறை வாடகை 5-ந்தேதி.

ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு பட்டறை மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் வர மூன்று மாதம் ஆகிறது. அப்படியானால் எந்த நேரத்திலும் 9 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அந்த மூன்று மாதச் செலவைப் பட்டறைக்காரர் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். சீட்டைத் தள்ளி எடுப்பார். அதுவும் போதாவிட்டால் வட்டிக்காரர் வீட்டு வாசல். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றாலே, 9 லட்சத்துக்கு மாதம் 18 ஆயிரம் ரூபாய்!

பெரிய கம்பெனிகள் வங்கியில் கடன் வாங்கித் தொழில் நடத்துவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அதோடு கூட, வட்டியில்லாத இன்னொரு கடனும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அதைக் கொடுப்பவர் மண்ணூர்பேட்டை லேத் பட்டறைக்காரர்.

வராத பணத்துக்கு வரி

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சரக்கு-சேவை வரி 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்தது. பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதமே வரியைக் கட்டிவிட வேண்டும்.

பொறியியல் கூலி வேலைக்கு முதலில் 18 சதவீத வரி போட்டார்கள். சிறுதொழில்காரர்கள் முறையிட்டார்கள். 2019 அக்டோபரில் அது 12 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி வரி விகிதங்களை மாற்றி அமைத்து, 12 சதவீதம் என்ற படியையே எடுத்தார்கள். பல பண்டங்களுக்கு வரி குறைந்தது. சோப்பும் பற்பசையும் விலை இறங்கியதை ஊரே பேசியது. ஆனால் கூலி வேலைக்கான வரி மறுபடியும் 18-க்கு ஏறிவிட்டது. அதைப் பட்டறைக்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

"வரியைத்தான் வேலை கொடுத்தவர் தந்துவிடுகிறாரே, இவருக்கு என்ன நஷ்டம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். வாஸ்தவம். தந்துவிடுகிறார். எப்போது? தொண்ணூறு நாள் கழித்து!

மேலே சொன்ன பட்டறைக்கு மாதம் 54 ஆயிரம் ரூபாய் வரி. மூன்று மாதத்துக்கு 1 லட்சத்து 62 ஆயிரம். சாமான் வாங்கி விற்பவராக இருந்தால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்பவர் வாங்குவது வெட்டும் கருவியும் எண்ணெயும்தான். கழிப்பதற்கு அதிகம் இராது. ஆக, பெரும் பகுதியைத் தன் கையிலிருந்தே கட்டுகிறார்.

வேலை கொடுத்த கம்பெனியின் கதை வேறு. பில் வந்து, வரி கணக்கில் ஏறியதும், அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 180 நாட்களுக்குள் பட்டறைக்காரருக்குப் பணம் கொடுத்தால் போதும். பட்டறைக்காரர் கட்டிய வரி, பட்டறைக்காரருக்கு முன்னால் கம்பெனிக்குப் பயன்படுகிறது!

சட்டம் இல்லையா?

இருக்கிறது. நல்ல சட்டமாகவே இருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். மீறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி! புகாரை விசாரிக்கச் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் ஏற்பட்டன. வீட்டில் இருந்தபடியே புகார் அனுப்ப 2017 அக்டோபரில் "சமாதான்" என்ற இணைய வழியும் வந்தது.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள்?

காரணம் எளிது. ஒரு சின்னப் பட்டறைக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகள் இரண்டோ மூன்றோதான். ஒருவர் மேல் புகார் கொடுத்தால் பழைய பாக்கி வரலாம். புது வேலை வராது. தொழிற்பேட்டையில் செய்தி பரவ ஒரு நாள் போதும். "கோர்ட்டுக்குப் போகிற ஆள்" என்று பெயர் எடுத்தவருக்கு அடுத்த கம்பெனியும் வேலை தர யோசிக்கும். வட்டியோடு பாக்கி வாங்கி, பட்டறையைப் பூட்டி, என்ன லாபம்?

சர்க்காருக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வேறு வழி பார்த்தார்கள். குறு, சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், அதைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவுக் கணக்கில் காட்டலாம். அதுவரை அந்தத் தொகைக்கும் வருமான வரி கட்டவேண்டும் என்று விதி செய்தார்கள். புகார் கொடுக்க ஆளே தேவையில்லை. வருமான வரி அதிகாரி பார்த்துக்கொள்வார்.

2024 மார்ச் மாதம் நெருங்கியபோது பல கம்பெனிகள் பாக்கியை அவசரமாகத் தீர்த்தன. இது நல்ல பலன். ஆனால், "சிறுதொழில் என்று பதிவு செய்திருந்தால் வேலை இல்லை" என்று சில இடங்களில் சொல்ல ஆரம்பித்துவிட்டதாகவும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து புகார் வந்தது. பதிவை ரத்து செய்துவிட்டுப் பழைய தவணைக்கே போனவர்களும் உண்டு. காப்பாற்ற வந்த விதிக்குப் பயந்து ஒளிந்துகொள்வது போன்ற நிலைமை!

ஒரே மாதத்தில் தெரியும்

பெரிய ஆலை தும்மினால் மண்ணூர்பேட்டைக்குக் காய்ச்சல் வரும்.

2019 ஆகஸ்டில் மோட்டார் வாகன விற்பனை படுத்தது. பாடியில் சுந்தரம் கிளேட்டன், லூகாஸ் டி.வி.எஸ். ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. அங்கே இரண்டு நாள் லீவு என்றால், இங்கே லேத் பட்டறையில் இரண்டு வாரம் வேலை இல்லை. அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கு. அதற்கடுத்த ஆண்டு, 2021 செப்டம்பரில், போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பாகங்கள் போன பட்டறைகள் தூரத்தில் இல்லை.

மின்சாரச் செலவும் சேர்ந்துகொண்டது. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் தொழிற்கூடத்துக்கு, நிலைக் கட்டணம் மட்டும் மாதம் 3 ஆயிரத்து 920 ரூபாயாக இருந்தது. 2022 செப்டம்பரில் அது உயர்ந்து, 2023-இல் 17 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. எந்திரம் ஓடாவிட்டாலும் இதைக் கட்டவேண்டும். 2023 செப்டம்பர் 25-ந்தேதி தமிழ்நாடு முழுவதும் சிறுதொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின.

அந்த டிசம்பரிலேயே மிச்சாங் புயல். தொழிற்பேட்டையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எந்திரம் இரும்பு, துடைத்துவிடலாம். கணினியில் ஓடும் கடைசல் எந்திரத்தின் மின்னணுப் பலகை நனைந்தால் துடைக்க முடியுமா? தண்ணீர் வடியாத ஊர் என்று 2015-லேயே தெரிந்த ஊர்தான் இது.

வீட்டுக்காரர் சொல்வது

அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சி என்றால் பெருமைதான். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, இப்படிப் புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் வீடுகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை ஏறியது. "வரி பட்டணத்து வரி, மழை பெய்தால் தெரு மட்டும் பழைய கிராமத்துத் தெரு" என்பது வீட்டுக்காரர்களின் குறை. பக்கத்துக் கொரட்டூரில், ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவேண்டும் என்று ஊர்மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டி வந்தது.

வீட்டுக்காரர்களின் வருமானமும் பட்டறையை நம்பியே இருக்கிறது. ஒரிசா, பீகார், வங்காளம், அசாம் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். மளிகைக்கடையில் கடுகெண்ணெய் பாட்டில் தொங்குகிறது. "அவர்கள் வந்ததால் கூலி குறைந்தது" என்று சொல்பவர்களும் உண்டு. 2020 மே மாதத்தில் தனி ரெயில்களில் அவர்கள் ஊருக்குப் போனபோதும், 2023 மார்ச்சில் பொய் வதந்தியால் பயந்து கிளம்பியபோதும், எந்திரத்தை ஓட்ட ஆள் இல்லாமல் தவித்ததை அவர்களே மறப்பதும் உண்டு.

பெண்கள் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்சில் டிக்கெட் இல்லை என்று ஆனது, தையல் ஆலைக்குப் போகிற பெண்களுக்கு நேரடி மிச்சம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைப் பற்றி, "இந்தக் காலத்தில் ஆயிரம் என்ன பெரிய பணம்?" என்று ஆண்கள் அலட்சியமாகக் கேட்டார்கள். பெண்கள் அப்படிக் கேட்கவில்லை. பட்டறைப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆயிரம் மாதத்தின் நடுவில் வந்துவிடும். அதை நம்பி எரிவாயு சிலிண்டருக்குச் சொல்லி வைக்கலாம். பால்காரருக்குத் தேதி சொல்லலாம்.

கோயம்பேட்டிலிருந்து பாடிப் பக்கமாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ ரெயில் விட 2025-இல் திட்ட அறிக்கை தயாரானது. அந்தச் செய்தி வந்ததும் மனை விலையைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. மனை வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷம். வாடகைக் கொட்டகையில் லேத் போட்டிருப்பவர்களுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. நிலத்தின் விலை ஏறினால் கொட்டகை வாடகையும் ஏறும். கூலியை ஏற்றித் தரச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்கலாம். ஆனால் கேட்கப் போகும்போது, மூன்று மாதப் பாக்கி அங்கே நிற்கிறதே!