கல்வெட்டில் சேரி உண்டு, பெயர் இல்லை

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்த முதலாம் இராசராசன், கோயிலின் வரவு செலவையும் கொடைகளையும் அதன் கல்லிலேயே வெட்டி வைத்தான். ஓலையைச் செல்லரிக்கும், கல் நிற்கும். வருவோர் கண்ணில் படும்படி எழுதி வைத்ததே நாளை வரலாறாகும் என்பதை அரசர்கள் அறிந்திருந்தார்கள்.

பெயர் எழுதுவதில் அந்தக் கல் கஞ்சத்தனம் காட்டவில்லை. கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அதில் உள்ளன. யார் எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பது வரை கணக்கு இருக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு.

நம் முன்னோர் எங்கே? அவர்களும் அந்தக் கல்லில்தான் இருக்கிறார்கள். கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் கணக்கில், வரியில்லாத நிலத்தைக் கழிக்கும் இடத்தில் இருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு ‘பறைச்சேரி’ வருகிறது, ‘தீண்டாச்சேரி’யும் வருகிறது. சேரியை அளந்தவர்கள், அங்கே வாழ்ந்த ஒருவரின் பெயரையும் அந்தக் கணக்கில் எழுதவில்லை.

இந்த வரிகளை அவமானம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. தீண்டாமை வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்று சொல்வோருக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கல்லே பதில். கோயிலுக்குள் நுழையும் உரிமையைச் சென்னை மாகாணச் சட்டம் நமக்கு உறுதி செய்தது 1947-இல்தான். நம்மைப் பற்றி எழுதியதைப் போய்ப் படிக்கவே நாம் பல நூற்றாண்டுகள் காத்திருந்தோம்.

அரசர்கள் மட்டும்தான் எழுதினார்கள் என்பதும் இல்லை. கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டியெடுத்த பானை ஓடுகளில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். பெயரை நிலைநிறுத்தக் கோயில் சுவர்தான் வேண்டும் என்பதில்லை. ஓர் ஓடும் ஆணியும் போதும்.

பாடநூலில் பெரிய கோயிலின் உயரத்தைச் சொல்லும் அரசு, இந்தச் சேரி வரிகளையும் சொல்ல வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊர்க் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். உங்கள் தெருப் பெரியவர்களிடம் ஒரு நோட்டோடு உட்காருங்கள். ஏரி வெட்டியவர் யார், பண்ணையில் கூலி கேட்டு நின்றவர் யார், முதலில் பள்ளிக்கூடம் போனவர் யார் என்று கேட்டுப் பெயரோடு எழுதுங்கள். அன்று விட்டுப்போன பெயர்களை இனி நாம்தான் எழுத வேண்டும்.