செவிப்புலனற்றோரும் தொலைபேசியும்

நம் கல்லூரித்தாய் விழாக்காணும் இந்நாளில், அவள் நமக்களித்த செல்வங்களுள் தலையாயது யாதென வினவின், கேள்விச் செல்வமே என்னலாம். ஆசான் சொல்ல நாம் கேட்டோம், கேட்டதனாற் கற்றோம். வள்ளுவப் பெருந்தகையும் கல்வியையும் கல்லாமையையும் கூறியபின் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆயின், செவிப்புலன் இல்லாதார்க்கு அக்கேள்வி எவ்வழி வரும்? கண்வழியே வரவேண்டும், எழுத்தாலும் சைகையாலும் வரவேண்டும். அவ்வழியை இக்காலத் தொலைபேசி திறந்து வைத்துள்ளதா, அடைத்து வைத்துள்ளதா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1876 இல் தொலைபேசிக்கு உரிமை பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல், செவிப்புலனற்றோர்க்கு ஆசிரியராய் இருந்தவர். அவர்தம் அன்னையாரும் மனைவியாரும் செவிப்புலன் குன்றியோரே. அத்தகையார் ஆக்கிய கருவியே செவிப்புலனற்றோரை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. இதனை விதியின் விளையாட்டென்றே சொல்லவேண்டும்.

அவ்வாயிலைத் திறந்தோர் செவிப்புலனற்றோர் தாமே. அமெரிக்க இயற்பியல் அறிஞர் இராபர்ட் வைட்பிரெக்ட் என்பார், பல் மருத்துவர் சேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்பாருடன் கூடி, 1964 இல் எழுத்துத் தொலைபேசிக்கு வழி கண்டார். இருவரும் செவிப்புலன் இல்லாதவர். கழித்தொதுக்கப்பட்ட பழைய தந்தித் தட்டச்சுப் பொறிகளைத் தொலைபேசியோடு இணைத்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்துடிப்புகளாக மாற்றி அனுப்பினர். வினாடிக்கு 1400 அதிர்வுடைய ஓர் ஒலி, 1800 அதிர்வுடைய மற்றோர் ஒலி. இவ்விரண்டின் சேர்க்கையே எழுத்தாயிற்று. மறுமுனைப் பொறி அவ்வொலியைக் கேட்டு மீண்டும் எழுத்தாக்கியது. சுருங்கச் சொல்லின், எழுத்து குரலின் வேடம் பூண்டு கம்பிவழியே சென்றது.

நிற்க. அவ்வேடமே பின்னாளில் தீங்காயிற்று. இன்று தொலைபேசிப் பேச்சு பெரும்பாலும் இணையவழியே செல்கின்றது. பேச்சைச் சிறுசிறு பொதிகளாக நறுக்கி அனுப்புவதே அதன் முறை. ஒரு பொதி பெரும்பாலும் வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு ஒலியைத் தாங்கும். வழியில் ஒரு பொதி தொலைந்தால் நம் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. விடுபட்டதை மனமே நிரப்பிக்கொள்ளும். எழுத்துத் தொலைபேசிக்கோ அவ்வாறன்று. ஓரெழுத்து வினாடியின் ஆறில் ஒரு பங்கு நேரம் ஒலிப்பதால், எட்டுப் பொதிகளிற் பரந்து செல்லும். அவற்றுள் ஒன்று தொலைந்தாலும் ஓரெழுத்து வேறோரெழுத்தாகிவிடும். எழுத்தையும் எண்ணையும் வேறுபடுத்தும் குறி சிதைந்தால், அதன்பின் வருவன யாவும் பொருளற்ற எண்களாய் மாறிவிடும். இன்னும், பொதிகளின் பருமனைக் குறைக்கும் சுருக்கமுறைகள் சில மனிதக் குரல்வளையின் இயல்பை அளவுகோலாகக் கொண்டவை. குரலல்லாத துடிப்பொலியை அவை சிதைத்தே அனுப்பும். முகவரி ஒன்றைத் தட்டெழுதி உதவி கோருபவர்க்கு இதனால் நேரக்கூடிய கேட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எழுத்தை ஒலியாக்காது எழுத்தாகவே அனுப்புவதே மாற்று. 1998 இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த டி.140 என்னும் நெறியும், 2005 இல் இணையத்துக்கென வகுக்கப்பட்ட முறையும் இதற்கு வழிசெய்தன. தட்டத் தட்ட எழுத்து மறுமுனையில் தோன்றும். முன்னனுப்பிய எழுத்துகள் அடுத்த பொதிகளிலும் சேர்த்தனுப்பப்படுவதால், ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று காக்கும். நமக்கு இதனினும் சிறந்த நன்மை ஒன்றுண்டு. பழைய பொறியின் ஐந்து துடிப்புக் குறியீட்டில் உரோம எழுத்துகளே அடங்கின. தமிழுக்கு அங்கு இடமில்லை. புதிய முறையோ உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஏற்பது. ஆகவே அது நம் தாய்மொழியிலும் பேச வல்லது.

இனி நம் லுணுகலையை நோக்குவோம். மடுல்சீமை தொட்டு ஹொப்டன் ஈறாக விரிந்த தேயிலை மலைகளில், லயத்து வீடுகளில் எழுத்துத் தொலைபேசி என்றும் இருந்ததில்லை. இன்றோ பலர் கையில் கைத்தொலைபேசி உண்டு. "வாட்ஸ்அப்பில் எழுதலாமே, படமாய்ப் பேசலாமே, இனி என்ன குறை?" என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மகனும் தாயும் பேச அது போதும். ஆயின் அம்புலன்சை அழைக்கும் 1990 என்னும் இலக்கம், பொலிசாரின் 119, வைத்தியசாலை, வங்கி, பிரதேச செயலகம் ஆகியன குரலை எதிர்பார்த்தே அமைந்தவை. அன்றியும், எழுதி முடித்து அனுப்பும் செய்தி வேறு. எழுத எழுதவே மறுமுனையார் காணும் உரையாடல் வேறு. பாதி எழுதிக் கை சோர்ந்தாலும் அப்பாதியையாவது பின்னையதில் ஒருவர் கண்டிருப்பார்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறவார். மண்சரிவு எச்சரிக்கையைக் கூவியும் ஒலிபெருக்கியாலும் அறிவிக்கும் ஊரில், கேளாதவனுக்கு அதனைச் சொல்வார் யார்?

நம் நாட்டில் வலுவிழந்தோர் உரிமைக்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சாசனத்தையும் இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. தகவல் தொடர்பும் அவசர சேவையும் யாவர்க்கும் எட்டவேண்டும் என்பது அச்சாசனத்தின் ஒன்பதாம் உறுப்புரை. ஐரோப்பிய ஒன்றியத்தில், குரலழைப்புச் சேவை தருவோர் உடனெழுத்தும் தரவேண்டும் என்னும் விதி 2025 ஜூன் 28 இல் நடைமுறைக்கு வந்தது. நாம் வேண்டுவது புதுமையன்று. ஏற்ற கடனைத் தீர்த்தலே.

எனவே, அவசர இலக்கங்கள் யாவும் எழுத்தழைப்பை ஏற்று, தமிழிலும் சிங்களத்திலும் மறுமொழி தருதல் வேண்டும். எழுதியதைக் குரலாக்கியும், குரலை எழுத்தாக்கியும், சைகையை மொழிபெயர்த்தும் இடைநின்று உதவும் சேவை ஒன்று வேண்டும். இவையிரண்டும் அரசின் கடன். எழுத்தறிவோ நம் கடன். எழுதப் படிக்கத் தெரியாதார்க்கு எழுத்துத் தொலைபேசியால் யாது பயன்? 1912 இல் தொடங்கி இன்று இரத்மலானையில் நடைபெறும் பாடசாலையும், 1956 இல் எழுந்த கைதடி நவீல்ட் பாடசாலையும் அரும்பணி ஆற்றி வந்துள்ளன. ஆயினும் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெற்றோர்க்கு அவை எத்துணைத் தொலைவு!

பழைய மாணவர்காள்! நம்முள் தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரிவோர் உளர், ஆசிரியர் உளர், தோட்ட நிருவாகத்தில் உள்ளோரும் உளர். தத்தம் தோட்டத்தில் கேளாத பிள்ளை எதுவென அறிந்து பள்ளிக்கு அனுப்புவதும், தத்தம் அலுவலகப் பெயர்ப்பலகையில் எழுத்துச் செய்திக்கென ஓர் இலக்கத்தைப் பொறிப்பதும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய செயல்களல்ல. இன்று கற்கும் மாணவர் சைகை மொழியிற் சில சொற்களேனும் பயிலலாம். விழாவுக்கு மண்டபமும் வளைவும் அழகே. கேளாத பிள்ளை ஒன்று எழுதிய சொல்லுக்கு மறுமொழி கிடைக்கச் செய்வது அவற்றினும் அழகு.