மந்திரம் யார் வீட்டுச் சொத்து?

மாயக்கதை என்று வந்துவிட்டால் எமது வாசகர்களுக்கு இரண்டு விதமான வியாதிகள் உண்டு. முதலாவது பழைய வியாதி. மந்திரவாதி, டிராகன், மந்திரக்கோல் என்று கண்ட மாத்திரத்தில் 'இது அம்புலிமாமா சமாச்சாரம், பிள்ளையளிட்டைக் குடுங்கோ' என்று புத்தகத்தை மூடிவிடுவது. யதார்த்தவாதம் ஒன்றே இலக்கியம் என்று வருடக்கணக்காகப் பாடமாக்கி வைத்திருப்பவர்களிடம் இதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. அவர்களை விட்டுவிடுவோம். இரண்டாவது வியாதி புதியது. புலம்பெயர்ந்த நாட்டு மொழிகளில் வாசித்து வளர்ந்த எமது இளையவர்களிடமும், அவர்களைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிய சில மூத்தவர்களிடமும் காணப்படுவது. இவர்கள் மாயக்கதைகளை விரும்பி வாசிப்பவர்கள்தான். ஆனால் வாசித்து முடித்ததும் அட்டவணை போடத் தொடங்கிவிடுவார்கள். இந்த உலகத்தில் மந்திரம் எத்தனை வகை, எது எதைவிடப் பலமானது, அதற்கு எவ்வளவு சக்தி செலவாகும், ஆசிரியர் தான் வகுத்த விதியைத் தானே மீறினாரா என்று மின்சாரசபைக் கணக்கெடுப்பாளர் போல வாசிலில் வந்து நிற்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தாருடன்தான் எமக்கு வழக்கு.

வழக்குக்கு எடுத்துக்கொள்வது உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ நூல்கள். 1968இல் முதல் நாவல். 1971, 1972இல் அடுத்த இரண்டு. பதினெட்டு வருட இடைவெளிக்குப் பின்னர் 1990இல் 'ரெஹானு'. 2001இல் ஒரு கதைத்தொகுதியும் கடைசி நாவலும். லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார். எமது அட்டவணைக்காரர்கள் முதல் மூன்றையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான்காவதிலிருந்து அவர்களுக்கு முகம் கோணுகிறது. 'நல்லதொரு மந்திர ஒழுங்கைக் கட்டி எழுப்பிவிட்டு, பிறகு பெண்ணியம் பேசுவதற்காக அதை அவவே உடைத்துவிட்டா' என்பது குற்றச்சாட்டு. இது எமது ஆட்களின் சொந்தச் சரக்கும் அல்ல. 'ரெஹானு' வெளிவந்த காலத்திலிருந்தே ஆங்கில வாசகர்களில் ஒரு பகுதியினர் இதைத்தான் சொல்லிவருகிறார்கள்.

முதலில் அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எர்த்ஸீ ஒரு தீவுக்கூட்டம். நிலத்தைவிடக் கடல் அதிகம். செகோய் என்பவர் ஆதிமொழியில் பெயர் சொல்லித் தீவுகளைக் கடலிலிருந்து எழுப்பினார் என்பது அங்குள்ள ஐதீகம். அந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் இருக்கிறது. மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். மந்திரம் என்பது அடிப்படையில் பிழையில்லாமல் பெயர் சொல்லி அழைப்பதுதான். ஆகையால் மனிதர்கள் தமது மெய்ப்பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு, வழங்குபெயர் ஒன்றுடன் திரிகிறார்கள். கதாநாயகனுக்குத் தாய் வைத்த பெயர் டூனி. ஊரார் அழைப்பது பருந்தின் பெயரால். பதின்மூன்றாவது வயதில் ஆற்றைக் கடந்து வரும்போது ஓகியன் என்ற மந்திரவாதி அவன் காதில் சொல்லும் மெய்ப்பெயர் கெட். டிராகன்களுக்கு ஆதிமொழியே தாய்மொழி. மனிதன் அந்த மொழியில் பொய் சொல்ல முடியாது, டிராகன் சொல்லும். (பிறகு பிறத்தியார் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு அதில் அளவுக்கு மிஞ்சி உண்மை பேசுவது நாம் அறியாத விஷயமா என்ன?)

மாயத்தோற்றம் வேறு, மெய்யான மாற்றம் வேறு. ஒரு கூழாங்கல்லை வைரம்போலக் காட்டலாம். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அது வைரம், உள்ளே கல் கல்லாகவே கிடக்கும். அதை உண்மையாகவே வைரமாக்க வேண்டுமென்றால் அதன் பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்றினால் உலகத்தில் ஓர் அணு அளவேனும் மாறிவிடுகிறது. அதற்கு யார் பொறுப்பு? ஓரிடத்துக்கு மழையை இழுத்தால் இன்னோரிடத்தில் அது இல்லாமற் போகும். இதைத்தான் அங்கு சமநிலை என்கிறார்கள். எமது அட்டவணைக்காரர்கள் இதைச் 'செலவு' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். போகலாமா?

றோக் தீவில் மந்திரப் பள்ளி இருக்கிறது. ஒன்பது ஆசான்கள். காற்றுக்கு ஒருவர், மாயத்தோற்றத்துக்கு ஒருவர், மூலிகைக்கு, பாடலுக்கு, உருமாற்றத்துக்கு, அழைத்தலுக்கு என்று ஆளாளுக்கு ஒரு கலை. பெயராசான் தீவின் ஒதுக்குப்புறக் கோபுரமொன்றில் இருக்கிறார். அங்கு மாணவர்கள் பெயர்ப்பட்டியல்களை மனனம் செய்ய வேண்டும். நள்ளிரவில் தாளிலுள்ள மை மறைந்துவிடும். மற்ற இருவரில் ஒருவர் தோப்பில் இருப்பார், ஒருவர் கதவைக் காப்பார். இவர்களுக்கு மேலே தலைமை மந்திரவாதி. படித்து முடித்தவன் கையில் தடி. தடி இல்லாதவன் படகுக்குக் காற்றுக் கூப்பிட்டுப் பிழைக்கும் சில்லறைச் சூனியக்காரன். அவனுக்கும் கீழே கிராமத்து மந்திரக்காரி. பிள்ளைப்பேறு பார்ப்பது, காய்ச்சலுக்கு மருந்து கட்டுவது, காணாமற் போன ஆட்டைக் கண்டுபிடிப்பது, விருப்பமானவனை வசியம் பண்ணித் தருவது எல்லாம் அவளுடைய வேலை. றோக்கில் பெண்ணுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது என்றும் கெட்டது என்றும் ஒரே மூச்சில் பழிக்கும் வழக்கு அந்தத் தீவுகளில் உண்டு. பலவீனமானது எப்படி ஆபத்தானதாகவும் இருக்கும் என்று அங்கும் யாரும் கேட்பதில்லை.

இதைப் படிக்கும்போது எமக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வராமற் போனால் அதுதான் அதிசயம். கோயில் உள்வீதியில் ஐயர் சொல்வது மந்திரம். வேலிக்கரையில் மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு ஆச்சி முணுமுணுப்பது நாவூறு கழித்தல், மூடநம்பிக்கை. இரண்டு பேரும் தாம் சொல்வதன் பொருளை முழுதாக அறிந்தவர்கள் என்று எம்மால் சத்தியம் செய்ய முடியாது. வித்தியாசம் சொல்லில் இல்லை, சொல்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

கெட்டுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது யார்? றோக்கின் ஆசான்களில் ஒருவருமில்லை. தாயில்லாப் பிள்ளையான அவனுக்கு ஆட்டைக் கூப்பிடும் சொல்லைக் கொடுத்தவள் கிராமத்து மந்திரக்காரியான அவனது தாயின் சகோதரி. (பெரியம்மாவா சின்னம்மாவா என்று லெ குவின் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை கிடையாது.) அவள் சொன்னதைக் கேட்டுத் தானும் சொல்லிப் பார்த்தபோது ஆடுகள் எல்லாம் அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு விலக மறுக்கின்றன. அவன் பயந்து அழுகிறான். எர்த்ஸீயின் மிகப் பெரிய மந்திரவாதி உருவாகும் இடம் அதுதான். 1968ஆம் ஆண்டு நாவலிலேயே இது இருக்கிறது. ஆனால் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

பெயர் பற்றிய பகுதி எங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாத பகுதி. மெய்ப்பெயரை ஒளித்து வழங்குபெயரில் வாழ்வது எப்படி என்று எங்களுக்கு யார் படிப்பிக்க வேண்டும்? இயக்கப் பெயர், புனைபெயர், தலைமாற்றிய பாஸ்போர்ட்டில் இருந்த யாரோ ஒருவனின் பெயர், அதற்குப் பிறகு அகதி விண்ணப்பத்தில் அதிகாரி பிழையாக எழுதிய பெயர். எமது அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, செத்துப்போன மனிதனை வேலைத்தலத்தில் எல்லோரும் உரத்துக் கூப்பிட, நாம் திரும்பிப் பார்க்கிறோம். பெயர் தெரிந்தால் பிடித்துவிடலாம் என்பது எர்த்ஸீயில் மந்திரம். எங்கள் ஊரில் அதற்குச் சோதனைச்சாவடி என்று பெயர் இருந்தது.

லெ குவினின் வீட்டிலும் இப்படியொரு பெயர்க் கதை இருந்தது. தந்தை அல்ஃபிரட் குரோபர் மானிடவியலாளர். 1911இல் கலிபோர்னியாவில் யாஹி இனத்தின் கடைசி மனிதர் ஒருவர் தனித்து வெளியே வந்தபோது அவருடன் வேலை செய்தவர்களில் முக்கியமானவர். தன் பெயரைத் தானே சொல்வது அந்த மனிதரின் வழக்கத்தில் இல்லை. தன் இனத்தவர் ஒருவர் அறிமுகப்படுத்த வேண்டும். ஆனால் அறிமுகப்படுத்த ஒருவரும் உயிரோடு இருக்கவில்லை. குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். மனிதன் என்று அர்த்தம். 1916இல் காசநோயால் இறக்கும்வரை அவரது உண்மைப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. லெ குவினின் தாய் தியோடோரா 1961இல் இஷியைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதினார். எர்த்ஸீ இதிலிருந்துதான் பிறந்தது என்று சாதிக்க நாம் வரவில்லை. பெயரை ஒளிப்பதும் பெயரை வைப்பதும் வெறும் விளையாட்டு விதிகள் அல்ல என்று அறிந்த வீட்டில் வளர்ந்தவர் அவர் என்பதை மட்டும் சொல்கிறோம்.

மூன்றாவது நாவலில் மந்திரம் உலகத்தை விட்டு வடிந்துபோகிறது. கொப் என்ற மந்திரவாதி சாகாமல் இருக்க ஆசைப்பட்டு வாழ்வுக்கும் சாவுக்கும் இடையில் ஓட்டை போடுகிறான். லோர்பனெரித் தீவில் பட்டுக்குச் சாயம் போடுபவர்களுக்குத் தொழில் மறந்துபோகிறது. பாடகர்களுக்குப் பாட்டு மறந்துபோகிறது. அந்த ஓட்டையை அடைப்பதற்குக் கெட் தன் முழுச் சக்தியையும் கொடுத்து வெறும் மனிதனாகிறான். அட்டவணைக்காரர்கள் இங்கு கைதட்டுகிறார்கள். தியாகம் அல்லவா! ஆனால் அந்த வெறும் மனிதன் மறுநாள் காலையில் எழும்பி என்ன செய்வான் என்று கேட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. 'ரெஹானு' அதைத்தான் கேட்கிறது.

கெட் ஆடு மேய்க்கிறான். ரெனார் விதவை. இரண்டாம் நாவலில் அற்றுவானின் கல்லறைகளிலிருந்து வெளியேறிய அதே பெண், இப்போது நடுவயதில். தன் சொந்த ஆட்களாலேயே சிதைக்கப்பட்டு நெருப்பில் போடப்பட்ட தெர்ரூ என்ற சிறுமியை அவள் வளர்க்கிறாள். அங்கு அஸ்பென் என்றொரு மந்திரவாதி. கையில் தடி உண்டு, ஆதிமொழி தெரியும், இலக்கணச் சுத்தமான மந்திரம். அதை அவன் பயன்படுத்துவது ஒரு பெண்ணின் வாயைக் கட்டுவதற்கு. அவள் நா குழறுகிறது, நினைப்பே தடுமாறுகிறது. இந்தக் கட்டத்தில் ரெனார் செய்வது எமது மனதை விட்டுப் போகாத காரியம். அவள் தன் தாய்மொழியான கார்க் மொழியில் யோசிக்கத் தொடங்குகிறாள். மந்திரவாதியின் கட்டு அந்த மொழிக்குள் வரவில்லை.

கடைசியில் காப்பாற்றுவது யார்? பள்ளிக்கூடம் போகாத, எரிந்துபோன முகமுள்ள அந்தப் பிள்ளை. கலெசின் என்ற டிராகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவளுக்கு ஒருவரும் பட்டியல் கொடுக்கவில்லை. 'விதி மீறல்' என்கிறார்கள் எமது நண்பர்கள். என்ன விதி? ஆதிமொழி டிராகன்களின் தாய்மொழி என்று முதல் நாவலிலேயே எழுதியிருக்கிறது. அவள் டிராகன் வழிப் பிள்ளை. தாய்மொழியைப் பேசுவதற்கு எந்தப் பள்ளியின் சான்றிதழ் வேண்டும்? மீறப்பட்டது மந்திரத்தின் விதி அல்ல, றோக்கின் அனுமதிச்சட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த வியாதியின் முதற்குறி.

'அவ பிறகு மனம் மாறிவிட்டா' என்பது அடுத்த வாதம். மாறினார்தான், அதை ஒளிக்கவும் இல்லை. 1992இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரையொன்றில், ஆண் வீரக்கதை மரபுக்குள் நின்று எழுதியதையும் அதிலிருந்து வெளியே வந்ததையும் பகிரங்கமாகப் பேசினார். 2001 தொகுதியில் இன்னும் போகிறார். றோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்கள் இருந்தார்கள். கொடுங்கோலர் காலத்தில் அறிவை மறைத்து வைத்துக் காப்பாற்றிய அந்தத் தீவுப் பெண்களிடம் மெட்ரா என்ற ஆண் வந்து சேர்ந்தான். பின்னாளில் பெண்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, எப்போதும் அப்படித்தான் என்று வரலாறு எழுதிக்கொண்டார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு மரபு பேசுவது எமக்குப் பழக்கமான குரல்தான்.

லெ குவினிடம் எமக்குக் குறையே இல்லை என்பதல்ல. மொஸ் என்ற கிழட்டு மந்திரக்காரியை நாற்றமும் அழுக்குமாகத்தான் காட்டுகிறார். அவளுக்கென்று ஒரு முழுக் கதை கடைசிவரை கிடைக்கவில்லை. றோக்கைத் தட்டிக் கேட்கும் இரியனும் டிராகனாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பெண்ணொருத்தி அந்தக் கதவால் உள்ளே போய்ப் படித்தாள் என்று எழுத அவருக்கும் மனம் வரவில்லையோ? இதைப்பற்றி யாராவது சண்டை பிடித்தால் நாமும் சேர்ந்துகொள்வோம். அவர்களோ வேறு திசையில் நிற்கிறார்கள். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செம்பழுப்பு நிறக் கெட்டை வெள்ளையனாக்கினார்கள். லெ குவின் அதைக் கண்டித்து எழுதினார். எந்த மந்திரம் எந்தக் காட்சியில் தவறிவிட்டது என்று அந்தத் தொடரைத் துருவுபவர்களுக்கு, கதாநாயகன் எமது நிறத்துக்குக் கிட்டியவன் என்பதே கண்ணில் படுவதில்லை.

கடைசி நாவலில் இருக்கிறது பெரிய அடி. செத்தவர்கள் காய்ந்த நிலமொன்றில் ஒரு கல்மதிலுக்கு அப்பால் நிழலாக நிற்கிறார்கள். காற்றில்லை, தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறிவதில்லை. அதை இயற்கை என்றுதான் முதல் மூன்று நாவல்களிலும் நம்பினோம். இல்லையாம். சாகாமல் இருக்க விரும்பிய பழைய மந்திரவாதிகள் டிராகன்களின் மேற்கு நிலத்தில் ஒரு பகுதியைத் திருடி, மெய்ப்பெயரைக் கொண்டு அதில் மதில் கட்டினார்கள். அந்தப் பெயர்தான் செத்தவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மந்திரத்தை நம்பாத, மெய்ப்பெயர் வைத்துக்கொள்ளாத கார்க் மக்கள் அங்கு இல்லவே இல்லை. கோபுரத்தில் மை மறையும்வரை பாடமாக்கிய கலையின் அத்திவாரத்தில் ஒரு களவு கிடந்திருக்கிறது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவன் அல்டர். மந்திரக்காரி ஒருத்தியின் மகன், உடைந்த பானை சட்டி ஒட்டுபவன், தடியில்லாதவன். செத்துப்போன மனைவி ஒவ்வோர் இரவும் மதிலுக்கு அப்பாலிருந்து அவனைக் கூப்பிடுகிறாள். றோக்கின் ஆசான்களால் அவனை நிம்மதியாக நித்திரை கொள்ளவைக்க முடியவில்லை. கிழவன் கெட் அவனுக்கு ஒரு பூனைக்குட்டியைக் கொடுக்கிறான். அது பக்கத்தில் படுத்திருக்கும் இரவுகளில் அவன் தூங்குகிறான்.