தோல் தைக்கும் கை தாழ்ந்த கை அல்ல



"ஒழுங்காப் படிக்காட்டி பஸ் ஸ்டாண்டில குந்தி செருப்புத்தான் தைக்க வேணும்."

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. வீட்டில் சொல்கிறார்கள், வகுப்பறையிலும் சிலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு நம் ஊர்களை விட்டுப் போக வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்களிடம் படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர், போனில் வீடியோ பார்த்து தோல் வேலை பழகி வருகிறார்கள். பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, குர்ஆன் உறை என்று சின்னச் சின்னதாகத் தைக்கிறார்கள். இது அவர்களுக்குத் தொழில் இல்லை, அஸருக்குப் பிறகு செய்கிற பொழுதுபோக்கு. ஆனால் வீட்டில் கிடைக்கும் முதல் கேள்வி, "இது ஆருட வேலை, நீ செய்றாய்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு பல பிள்ளைகள் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஆருடைய வேலை என்று நாமே பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தமது செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்ன செய்தியை ஜும்ஆக்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அந்த உழைப்பிலிருந்து தர்மம் செய்தவர்கள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹனபி அறிஞர் அபூபக்ர் அல்-கஸ்ஸாஃப், வக்பு சட்டம் பற்றி இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் நூலை எழுதியவர். 'கஸ்ஸாஃப்' என்றால் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அந்தத் தொழிலில்தான் அவர் சாப்பிட்டார். பள்ளிவாசல் சொத்துகளுக்குச் சட்டம் எழுதியவரின் தொழிலைச் சொல்லி நம் பிள்ளைகளைப் பயமுறுத்துவது நியாயமா?

இந்த இழிவு மார்க்கத்திலிருந்து வந்ததல்ல, சாதியிலிருந்து வந்தது. தோலைத் தொட்டவர்களை ஒதுக்கி வைத்த பழக்கம் இது. நமக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, சாதி கொடுத்த வசைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதே தோல் மத்தளமாகிக் கூத்துக் களரியில் முழங்கும்போது ரசிக்கிறோம். றபானாகிப் பக்கீர் பாவாக்களின் கையில் ஒலிக்கும்போது நின்று கேட்கிறோம். தைக்கிற மனிதரிடம் வந்தால்தான் முகம் மாறுகிறது.

அடுத்து, இந்த வேலையில் படிப்பு இல்லை என்பவர்களுக்கு. துணியில் பிழையாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த துளை போகாது. அதனால் அளந்து, கடதாசியில் மாதிரி வெட்டி, கோடு போட்டு, பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். துளைகள் மிக நெருங்கினால் தோல் முத்திரை கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். தூரமானால் தையல் வாய் பிளக்கும். பின்னமும் கேத்திர கணிதமும் கரும்பலகையில் ஏறாத பிள்ளைக்கு, ஒரு பர்ஸ் வெட்டும்போது ஏறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

தொடங்குவதற்குப் பெரிய செலவும் இல்லை. கூரான கத்தி, இரும்பு அடிமட்டம், குத்தூசி, மரச் சுத்தியல், மொட்டை முனை ஊசி இரண்டு, தேன்மெழுகு பூசிய நூல். இவ்வளவு போதும். ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி இழுத்துத் தைப்பது பழைய முறை. மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கும். ஒன்று அறுந்தால் வரிசை இளகிப் பிரியத் தொடங்கும். கைத்தையலில் ஓர் இடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும், அதே துளை வழியாகப் போகும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் இப்படித் தைக்கப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

தையல் மெஷினும் நமக்குப் புதிதல்ல. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். உம்மம்மாமாரின் கறுப்பு இரும்பு மெஷின் இன்றும் பல வீடுகளில் துணி மூடிக் கிடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வாழ்வாதாரம் என்ற பெயரில் வந்த மெஷின்களும் ஏராளம். மெஷினைக் கொடுத்துப் படம் எடுத்தவர்கள், அதில் எதைத் தைத்து ஆருக்கு விற்பது என்று சொல்லிக் கொடுக்க வரவில்லை. பல மெஷின்கள் இப்போது மேசையாகத்தான் பயன்படுகின்றன.

அந்தப் பழைய இரும்பு மெஷினில் மெல்லிய தோல் இரண்டு மடிப்புத் தைக்கலாம். துணி ஊசியைக் கழற்றிவிட்டு, தோலுக்கென்று விற்கும் வெட்டு முனை ஊசி, 16 அல்லது 18ஆம் இலக்கம் போட வேண்டும். தையல் நீளத்தை 3.5 முதல் 4 மில்லிமீற்றராக வைக்க வேண்டும். மெஷின் பாதம் தோலில் ஒட்டினால் இடையில் மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம். முடிவில் பின்னோக்கித் தைக்காமல் நூல் நுனிகளை முடிச்சுப் போட வேண்டும். தடித்த தோலுக்கு இது சரிவராது. வற்புறுத்தினால் மெஷின்தான் கெடும். அதற்குக் கைத்தையல், அல்லது சப்பாத்துத் திருத்துபவர்கள் வைத்திருக்கும், பாதம் எல்லாத் திசையிலும் சுற்றும் மெஷின் வேண்டும்.

தோலுக்கு எங்கே போவது? பழைய கைப்பை, பிய்ந்த சப்பாத்து, கிழிந்த சோபா உறை. பழகுவதற்கு இவை போதும்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் இன்னொரு கேள்வியும் வருகிறது. உழ்ஹிய்யா பிராணியின் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கவும் விற்றுக் காசாக்கவும் கூடாது, தர்மம் செய்யலாம், தாமே பயன்படுத்தலாம் என்பது நமக்குத் தெரிந்த சட்டம். வாங்க ஆளில்லாமல் தோல் குழிக்குள் போவதையும் பார்க்கிறோம். செத்துப்போன ஆட்டின் தோலைக்கூட பதனிட்டுப் பயன்படுத்தக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

அதற்காக வாவிக் கரையில் தோல் பதனிடத் தொடங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களில் நம்மைப்போன்ற தமிழ் பேசும் முஸ்லிம்கள் பலர் தோல் தொழிலால் உயர்ந்தார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய், குரோம் இரசாயனம் வந்தது. தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. மீனுக்கும் இறாலுக்கும் வாவியை நம்பியிருக்கும் நமக்கு அந்தப் பாடம் போதும். பதனிடுவது கழிவைச் சுத்திகரிக்க வசதி உள்ள இடத்தில் நடக்கட்டும். அறுத்த சில மணித்தியாலங்களுக்குள் உப்புப் போட்டால் தோல் அழுகாது, அனுப்பி வைக்கலாம். எப்படி, ஆருக்கு என்பதை உலமாக்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் பெருநாளைக்கு முன்பே பேசி முடிவெடுக்கட்டும்.

நாங்கள் கேட்பது மூன்று விடயங்கள்.

ஒன்று, 6 முதல் 9ஆம் தரம் வரை செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்ற பாடம் இருக்கிறது. அதைக் கொப்பியில் படம் கீறி முடிக்காமல், ஒரு தவணையிலாவது பிள்ளை தன் கையால் தோலிலோ ரெக்சினிலோ ஒரு பொருளைச் செய்து வீட்டுக்குக் கொண்டு போகட்டும்.

இரண்டு, ஊரில் மூடிக் கிடக்கும் மெஷின்களில் இரண்டை வாசிகசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை போதும். பிய்ந்த பாடசாலைச் சப்பாத்தையும் வார் அறுந்த புத்தகப் பையையும் அங்கே தைத்துக் கொடுக்கலாம். 2022க்குப் பிறகு புதுச் சப்பாத்து வாங்குவது எத்தனை வீடுகளில் கடன் என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும்.

மூன்று, பிள்ளைகளுக்குப் பழக்க பஸ் நிலையத்தில் குடையின் கீழ் இருக்கும் ஐயாவை அழையுங்கள். அவர் தமிழர், நாம் முஸ்லிம் என்று பார்க்காதீர்கள். கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, உஸ்தாதுக்குரிய மரியாதையோடு, பேசிய கூலியைக் கையில் கொடுத்து அழையுங்கள். வீடியோவில் வராத நுணுக்கம் அவர் விரலில் இருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் டொக்டராக மாட்டான். கையில் ஒன்றும் இல்லாமல் சந்தியில் நிற்கும் பிள்ளையைப் பற்றித்தான் எங்கள் கவலை. அந்தக் கை எதைப் பிடிக்கப் போகிறது என்பதை இந்த ஊரில் நாம் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன் ஓர் ஊசியைக் கொடுப்போம்.

உங்கள் வீட்டில் பயன்படாத மெஷின் இருந்தால் கீழே எழுதுங்கள்.