லயன் அறைக் குசினியை ஒழுங்குபடுத்துவோம்



ஒரு வீட்டிலே பெண் அதிக நேரம் நிற்கின்ற இடம் குசினி. ஆனால் வீட்டில் மிகக் குறைந்த இடம் ஒதுக்கப்படுவதும் அதற்குத்தான். ஊவா மாகாணத் தோட்டங்களில் இதை நன்றாகக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட லயன் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடிதான். அதற்குள் ஒரு குடும்பமே வாழ வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்துவிட்டார். சமைப்பதற்கு என்று அவர் நினைத்த இடம் ஒரு மூலை மட்டுமே. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் இன்றும் பல குடும்பங்கள் அந்த மூலையை மறித்தும் நீட்டியுமே சமைத்து வருகின்றன.

இந்த மாதம் அந்தச் சிறிய குசினியைப் பற்றிப் பேசுவோம். புதிய அலுமாரி வாங்கச் சொல்லப் போவதில்லை. இருக்கின்ற பொருளையும் இருக்கின்ற இடத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே நமது கேள்வி.

ஏன் சேர்க்கிறோம்?

"தேவையில்லாததை எல்லாம் வீசிவிடுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த பெண்ணிடம் அப்படிச் சொல்ல முடியாது.

1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறின. அவர்களிற் பலரை யுத்தம் அங்கேயும் விடவில்லை. 2009 இல் மெனிக் பாம் முகாம், அதன் பிறகு மீண்டும் ஒரு புதிய அடுப்பு. சிலர் தாய் வீட்டுச் சொந்தங்களைத் தேடி மறுபடியும் தோட்டத்துக்கே வந்தார்கள்.

அப்படி வந்த ஓர் அக்காவின் குசினியில் 14 வெறும் பிளாஸ்டிக் கான்கள் இருந்தன. மருமகளுக்கு அடுப்படியில் திரும்ப இடமில்லை. இதனால் வீட்டில் தினமும் சச்சரவு. "மிஸ், முகாமில ஒரு கான் இல்லாட்டி அன்றைக்குத் தண்ணி இல்ல. எப்படி வீசுறது?" என்று அவர் கேட்டார். அது சோம்பலும் அல்ல, பேராசையும் அல்ல. உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. அந்தக் கான்களில் நல்ல மூடி உள்ள நான்கை அவரே தெரிந்தெடுத்துக் கழுவி, தண்ணீர் நிறைத்து, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தார். மற்றவற்றை வெளியே எடுக்க மூன்று வாரங்கள் சென்றன. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதே குசினியில் ஓர் அலுமினியத் தட்டும் இருந்தது. காணாமற்போன கணவருடையது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அதையும் எடுத்துவிடலாமே என்று மருமகள் நினைத்தாள். இப்படியான பொருள் "பாவிக்கிற சாமான், பாவிக்காத சாமான்" என்ற கணக்குக்குள் வராது. அதற்கு ஒரு நல்ல இடம் கொடுங்கள். அதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அதை வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு.

எப்படித் தொடங்குவது?

வேலைக்குப் போகாத ஒரு நாளைத் தெரிந்தெடுங்கள். ஒரே நாளில் முழுக் குசினியையும் கலைக்க வேண்டாம். ஒரு தட்டு அல்லது ஒரு மூலை போதும். அங்குள்ள பொருள்களை இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வையுங்கள். பின் மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, தினமும் கை படுபவை: சோற்றுப் பானை, ரொட்டிக் கல், தேங்காய் துருவி, தேநீர்க் கேத்தல். இரண்டாவது, திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் எடுக்கும் பெரிய சட்டிகள். மூன்றாவது, ஒரு வருடமாகத் தொடாதவை, ஓட்டையானவை, மூடி இல்லாதவை.

முதலாவது வகை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். பாரமானவை கீழே இருக்கட்டும். நாள் முழுவதும் கொழுந்துப் பாரம் சுமந்த முதுகு, வீட்டிலும் குனிந்து நிமிர வேண்டியதில்லை. விருந்துச் சட்டிகளைச் சாக்கில் கட்டி மேலே வைக்கலாம். மூன்றாவது வகையில் கொடுக்கக் கூடியதைக் கொடுங்கள், விற்கக் கூடியதை விற்றுவிடுங்கள். பேணிகளையும் உடைந்த சட்டிகளையும் லயத்துக்குப் பின்னால் எறிய வேண்டாம். மழை நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

அடுப்பும் புகையும்

நமது அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறுதான் பெரும்பாலும் விறகு. ஈர மிலாறு எரிவதைவிடப் புகைவதே அதிகம். வீட்டினுள் அடுப்பு எரிப்பதால் உண்டாகும் புகை 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

ஆகவே வெயில் உள்ள மாதங்களில் விறகைக் காயவைத்து, ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் உள்ளே வையுங்கள். அதுவும் அடுப்பு வாயிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். லயன் வரிசையில் ஒரு வீட்டில் தீப் பிடித்தால் அடுத்த வீடும் தப்பாது. புகை போகும் துவாரத்தைச் சாக்கோ தகரமோ மறைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கைக்குழந்தையை அடுப்புக்குப் பக்கத்தில் தூங்கவைக்க வேண்டாம்.

சமையல் எரிவாயு வைத்திருப்போர் சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அது கசிந்தால் காற்றைவிடக் கனமாகையால் நிலத்தோடு பரவும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், நெருப்பு மூட்டாமல், கதவைத் திறந்து வெளியே வாருங்கள். 2021 இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த சிலிண்டர் விபத்துகளை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மாவும் உப்பும்

ஊவாவில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழையும் பனியும் கூடிய காலம். உப்புக் கசியும், பால் மா கட்டிப்படும், கோதுமை மாவில் வண்டு வரும். பழைய மாவின் மேல் புதிய மாவைக் கொட்ட வேண்டாம். முதலில் வாங்கியதை முதலில் முடியுங்கள். டின்னைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்பே மறுபடி நிறையுங்கள். மூட்டைகளை மண் தரையில் வைக்காமல் பலகை அல்லது கல்லின் மேல் வைத்தால் ஈரம் ஏறாது. ஒழுங்காக வைத்தால், வீட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். இருப்பது தெரியாமல் மறுபடி கடையில் கடன் சொல்லி வாங்கும் நிலையும் குறையும்.

இவை குசினியில் வேண்டாம்

மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். புல் மருந்து, பூச்சி மருந்து எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அவற்றின் வெற்றுக் கானில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது நஞ்சுக் கான்தான்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றைக் குசினிக் கூரையில் செருகி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. புகையும் எலியும் அவற்றை அழித்துவிடும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களையே மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே பத்திரங்களைப் பொலித்தீன் உறையிலிட்டு ஒரே பையில், வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். எழும்பு என்றதும் கையில் எடுக்கக் கூடியதாக இருக்கட்டும். பை எங்கே என்பது பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

யாருடைய வேலை?

தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து சமைத்து, மலைக்குப் போய், மாலையில் திரும்பி மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்கிறாள். குசினியை ஒழுங்குபடுத்துவதையும் அவள் தலையிலேயே ஏற்றினால் அது இன்னொரு பாரமாகிவிடும். தட்டு அடிப்பது, விறகு அடுக்குவது, கான் நிறைப்பது என்பவற்றை ஆண்களும் மகன்மாரும் செய்யட்டும். எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று எல்லோருக்கும் தெரிந்தால், அம்மா காய்ச்சலில் படுத்த நாளிலும் பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி கிடைக்கும்.

காம்பராவின் அளவு நீதியானதல்ல. காணியும் நல்ல வீடும் கேட்கின்ற குரல் ஓயக் கூடாது. அது கிடைக்கும் வரை, இருக்கின்ற மூலையிலாவது நாம் மூச்சு முட்டாமல் நிற்க வேண்டும் அல்லவா? இந்த மாதம் ஒரு தட்டை மட்டும் இறக்கிப் பாருங்கள் சகோதரிகளே. மற்றத் தட்டு அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.