கோயிலுக்கு எதுக்கு கோடிங் கிளாஸ்? மூணு கேள்விக்கும் எங்கள் பதில்

13 வயசிலிருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு நம்ம ஆலய இளைஞர் பிரிவு இணையம் வழியா கோடிங் சொல்லிக் கொடுக்குது. அதாவது கணினிக்கு நிரல் எழுதுவதன் அடிப்படை. இதைப் பற்றி மூணு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "கோயிலுக்கு எதுக்குங்க இந்த வேலை?" "யூடியூப்லதான் எல்லாம் இருக்கே?" "இப்போ ஏஐ-யே எழுதிக் கொடுக்குதே, பிள்ளை ஏன் படிக்கணும்?" மூணும் நியாயமான கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்றதைவிட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல் கேள்வி. 2017-இல் இடைநிலைப்பள்ளிக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது, படிவம் 1 முதல் 3 வரைக்கும் 'அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்' என்ற பாடமும் வந்தது. நல்ல பாடம். ஆனா எல்லாப் பிள்ளையும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம் இல்லை. ஆசிரியரும் கணினிக் கூடமும் இருக்கிற பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும். மற்ற பிள்ளைக்கு? வசதி உள்ள பெற்றோர் மாசாமாசம் காசு கட்டி தனியார் மையத்துக்கு அனுப்புறாங்க. தொழிற்சாலையில் ரெண்டாவது ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கு இப்படி ஒரு பாடம் இருக்கிற விஷயமே காதுக்கு வர்றதில்லை. இந்த ரெண்டு குடும்பமும் சந்திக்கிற இடம் எது? நம்ம கோயில்தான். அதனாலதான் இதை இங்கே செய்யணும்னு நாங்க நினைக்கிறோம். திருப்பணி நிதியில் கை வைக்கிற பேச்சே இல்லை. ஸ்க்ராட்ச், பைதன் ரெண்டும் இலவசம். சொல்லிக் கொடுக்கிறவங்க தொண்டூழியர்கள்.

ரெண்டாவது கேள்வி, யூடியூப். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். தானா தட்டச்சு செய்யும்போதுதான் மாட்டும். ஓர் உதாரணம். ரெண்டு எண்ணைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ற சின்ன நிரல். பிள்ளை 3 போடுது, 5 போடுது. விடை 8 வரணும். திரையில் 35 வருது! ஏன்னா பைதன் அந்த ரெண்டையும் எண்ணா எடுத்துக்கல, எழுத்தா எடுத்துக்கிட்டு பக்கத்துல பக்கத்துல ஒட்டிடுச்சு. தனியா வீடியோ பார்க்கிற பிள்ளை இந்த இடத்தில் "எனக்கு இது வராது"ன்னு மூடி வச்சிடும். நேரடி வகுப்பில் இன்னொரு பிள்ளை, "எனக்கும் 35தான் அண்ணே வருது"ன்னு சொல்லும். எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் காரணத்தைத் தேடுவாங்க. அந்த அஞ்சு நிமிஷம்தான் பாடம். பிழைச் செய்தி வந்தால் பயப்படாமல் கடைசி வரியை முதலில் படி என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேணும். வீடியோவுக்கு அது தெரியாது.

மூணாவது, ஏஐ. உண்மைதான், கேட்டா எழுதித் தரும். ஆனா அது சரியா தப்பான்னு யார் பார்க்கிறது? அன்னதானக் கணக்கையே எடுத்துக்குங்க. 300 பேர், தலைக்கு 100 கிராம் அரிசி. நிரல் 30,000 என்று விடை காட்டுது. அது கிராம், அரிசி 30 கிலோ போதும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை வேணும். தெரியாத பிள்ளை அந்த எண்ணை அப்படியே மளிகைக் கடைக்கு அனுப்பிடும்! ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரிப்பது, 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று ஒழுங்காகச் சொல்வது, வந்த விடையைச் சந்தேகப்பட்டுச் சோதிப்பது. கோடிங் என்று நாங்க சொல்லிக் கொடுப்பது இந்த மூணையும்தான். இது பின்னாடி டாக்டரானாலும் லாரி கம்பெனி வச்சாலும் உதவும்.

வகுப்பை ஏன் தமிழில் நடத்துறீங்கன்னும் சிலர் கேட்கிறாங்க. பிள்ளை யோசிக்கிற மொழியில் விளக்கினால் பயம் போயிடுது. பைதன் 3-இல் அரிசி, ஆட்கள் என்று தமிழிலேயே பெயர் வைத்துக் கணக்குப் போடலாம். பிரிண்ட், இஃப் மாதிரிக் கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், அதைப் பழகிக்கணும். இன்னொன்று, 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு 3. பைதனிடம் கேளுங்க, 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியா எண்ணுது. இதைக் காட்டினதும் பிள்ளைங்க நிமிர்ந்து உட்காருவாங்க. அப்போ நாம தினமும் போனில் தமிழ் அடிக்கிறோமே, அதுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்கணுமே? ஆமாம். முரசு அஞ்சல், செல்லினம் ரெண்டையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் ஐயா நம்ம மலேசியாக்காரர்தான். இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிள்ளை கணினியை இனி யாரோ வெள்ளைக்காரன் செய்த பொருளாக மட்டும் பார்க்காது.

வகுப்பு எப்படி நடக்கணும் என்பதிலும் எங்களுக்கு உறுதியான கருத்து இருக்கு. ஒரு குழுவில் 8 பேர், அதற்கு மேல் வேண்டாம். நூறு பேரைச் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டால் பார்க்க நல்லா இருக்கும், ஆனா யார் திரையில் 35 வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வகுப்பிலும் ரெண்டு பெரியவர்கள் இருக்கணும். ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் தனியா மெசேஜ் அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான். பிள்ளைகள் பாதுகாப்பில் விட்டுக் கொடுக்கவே முடியாது. அப்புறம் சான்றிதழ். தயவுசெய்து அதைக் கேட்காதீங்க. "உன் நிரலை எனக்கு ஓட்டிக் காட்டு"ன்னு பிள்ளையிடம் கேளுங்க. அதுதான் சான்றிதழ்.

இணையம் எல்லாருக்கும் சமம் இல்லை என்பதும் தெரியும். 2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி சிக்னல் தேடினதை நாடே பார்த்தது. நம்ம பக்கத்திலும் ஒரே போனை மூணு பிள்ளை பங்கு போடுற வீடு இருக்கு. போனிலேயே பிரவுசர் வழியா பைதன் ஓட்டலாம், ஆனா சின்னத் திரையில் அடைப்புக்குறியும் இடைவெளியும் போட்டுப் பழகுவது பெரிய பாடு. இடைவெளி மாறினாலே பைதன் கோபிச்சுக்கும். அதனால் நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கை: வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரம் மண்டபத்தையும் வைஃபையையும் திறந்து விடுங்க. வீட்டில் வசதி இல்லாத பிள்ளை இங்கே வந்து உட்காரட்டும்.

அன்பர்களிடம் கேட்பது மூணு விஷயம். அலமாரியில் தூங்குற பழைய லேப்டாப் இருந்தா கொடுங்க. மெதுவா ஓடினாலும் பரவாயில்லை, லினக்ஸ் போட்டுத் தயார் பண்ணிக்கிறோம். ஐடி வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. பெற்றோர்களே, அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைச்சு வைங்க. முக்கியமா, பொம்பளப் பிள்ளையை அந்த நேரத்தில் பாத்திரம் கழுவக் கூப்பிடாதீங்க. ஆம்பளப் பிள்ளையை நாம கூப்பிடுறதில்லையே.

திருவிழாவுக்கு ஒரு வாகனம், ஓர் அபிஷேகம் என்று உபயம் எடுக்கிறோம். ஒரு பிள்ளையின் படிப்புக்கும் அதே மனசோடு உபயம் எடுப்போம். கருத்து வேறுபாடு இருந்தா கீழே எழுதுங்க, மரியாதையோட பேசுவோம். லேப்டாப் கொடுக்க விரும்புறவங்க ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்க.

எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்.

ஆலய இளைஞர் பிரிவுத் தொண்டூழியர்கள்