கடலில் கிடைத்த இரண்டரை மணி

மூன்று வாரம் துறைமுகந்தோறும் இறங்கி அலைந்தபின், பினாங்கிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடையே கரை கிடையாது. உடன் வந்தோரில் பலர் மனத்தளவில் அப்போதே கரையேறிவிட்டனர். உணவு மேசையிலும் ரயில் முன்பதிவுப் பேச்சுத்தான். நமக்கோ அந்தக் கடைசி நாட்களே பயணத்தின் சாரமாய்த் தோன்றின.

மலேசிய நேரம் நம் நாட்டு நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. ஆகவே வழியில் கடிகாரத்தைப் பின்தள்ளிக்கொண்டே வரவேண்டும். அவ்வாறு கிடைத்த பொழுதைப் பலர் உறக்கத்திற்கு ஈந்தனர். நாம் மேல்தட்டில் செலவிட்டோம். மகன் தில்லிக்கும் மகள் கொல்கத்தாவுக்கும் சென்னையிலேயே பிரிய வேண்டியவர்கள். நால்வரும் ஒருசேர இருந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

சுமத்திராவின் வடமுனையைக் கடக்கையில் மாலுமி ஒருவர் வடக்கே கைகாட்டி, "அத்திசையில் இந்திரா முனை" என்றார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமியின்போது நிலம் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுள் அமிழ்ந்தது. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை பறவைக்கோலா மீன்கள் கப்பலை அஞ்சிக் கூட்டமாய் எழும்பிப் பறந்தன. நாற்பது எண்ணியதாக மகள் சொன்னாள். பாதி பொய் என்றான் மகன். பத்து வயதில் இட்ட அதே சண்டை! அதைக் கேட்கவே அவர்கள் தாய் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசி இரவு பெட்டிகளை அறைவாயிலில் வைத்துவிட வேண்டும். கப்பல் ஊழியர் எடுத்துச் செல்வர். நேயர்கள் மறுநாளைக்குரிய உடையை முதலில் வெளியே எடுத்து வைத்துக்கொள்வார்களாக. நாம் சென்னையில் இறங்கியது மகனுடைய சட்டையில்.